ஊரடங்கும் கூடைப்பந்தும்

நாற்காலி என்பது நான்கு கால்களை உடையது என்னும் பொருளில் அமைந்த சொல். சக்கரம் பூட்டிய நாற்காலிக்குக் காலே இல்லை. ஆயினும் அதனைச் சக்கர நாற்காலி என்றே வழங்குகின்றோம். எனக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர் இதனைக் கேட்டிருந்தால், சிறிது நகைத்து, "உலக வழக்கு, நாம் என் செய்வது?" என்று அமைதி கூறி அப்பாற் சென்றிருப்பார். சொல்லில் உள்ள இச்சிறு முரண்பாட்டால் எவர்க்கும் கேடில்லை. அந்நாற்காலியில் அமர்ந்திருப்பவரைக் கண்டவுடன் 'இவர் நோயாளி' என்று உலகம் முடிவு செய்து விடுகின்றதே, அதுதான் கேடு. கால் இயங்காமை வேறு, நோயுற்றிருத்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணும் மயக்கம், கொரோனாப் பெருந்தொற்று பரவிய காலத்தில் என்னென்ன செய்தது என்பதை அருகிருந்து கண்டவன் நான்.

தமிழாசிரியனாக முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி, 2017ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றேன். சென்னைக்குத் தெற்கே, நகரம் என்றும் சொல்ல இயலாத, சிற்றூர் என்றும் சொல்ல இயலாத ஓர் ஊரில் குடியிருக்கின்றேன். எங்கள் தெருக்கோடியில் ஒரு பொது விளையாட்டுத் திடல் உண்டு. அதன் ஒரு மூலையில் சிமெண்டுத் தளம் இட்ட கூடைப்பந்துக் களம் இருக்கின்றது. ஞாயிறுதோறும் காலையில் பதின்மூவர் அங்கே சக்கர நாற்காலியில் அமர்ந்து கூடைப்பந்து ஆடுவர். திடலின் வாயிலில் ஒரு படி உண்டு. அதன் உயரம் மூன்று விரற்கடையே; எனினும் சக்கரத்திற்கு அது மலை. ஆட்டோ ஓட்டுநர் இருவர் வந்து, ஒவ்வொருவரையும் நாற்காலியோடு தூக்கி அப்படியைக் கடத்தி விடுவர். காலை நடைக்குச் செல்லும் நான், நடையை மறந்து மதிலோரம் நின்று விடுவது வழக்கமாயிற்று.

ஒருநாள் அவர்களுடைய பயிற்சியாளர் என்னருகே வந்து, "ஐயா, தாங்கள் தமிழாசிரியர் என்று கேள்விப்பட்டேன். அலுவலகங்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருவதற்கு எங்களுக்கு ஒருவர் வேண்டும்" என்றார். அவரும் சக்கர நாற்காலியில் இயங்குபவரே. இருபத்திரண்டாம் வயதில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர். ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதி வந்தார். அன்று முதல் அக்குழுவின் விண்ணப்பங்களும் வருகைப் பதிவேடும் என் பொறுப்பாயின.

இவ்விளையாட்டைக் காணாதவர் பலர் இருப்பர். ஆகையால் அதனைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். நின்று ஆடுவோர்க்கு உரிய களம் எதுவோ, இவர்களுக்கும் அதுவே. கூடையின் உயரமும் அதே பத்து அடிதான். அமர்ந்து எறிபவர் என்பதற்காக ஓரங்குலமும் தாழ்த்துவதில்லை. பந்தை மடியில் வைத்துக் கொண்டு சக்கரத்தை இருமுறை உந்தலாம். அதன் பின்னர்ப் பந்தைத் தரையில் தட்ட வேண்டும். அல்லது பிறர்க்கு எறிய வேண்டும். அல்லது கூடையில் இட வேண்டும். ஒவ்வோர் ஆட்டக்காரர்க்கும் அவருடைய உடலியக்கத்திற்கு ஏற்ப ஒன்று முதல் நான்கரை வரை புள்ளி குறிப்பர். களத்தில் ஆடும் ஐவருடைய புள்ளிகளின் கூட்டுத்தொகை பதினான்கைக் கடத்தல் கூடாது. ஆதலால் வலியோரை மட்டும் சேர்த்து ஓர் அணி அமைத்தல் இயலாது; மிகக் குறைந்த இயக்கம் உடையவர்க்கும் அணியில் கட்டாயம் இடம் உண்டு. விதிகளுள் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. தரையில் உருளும் பந்தை அவர்கள் எடுக்கும் முறை கண்ணுக்கு விருந்தாகும். பந்தின் அருகே விரைந்து சென்று, ஓடுகின்ற சக்கரத்தோடு அதனைக் கையால் அழுத்துவர். சக்கரம் சுழலும்போது பந்து தானே மேலேறி மடிக்கு வந்து சேரும். குனிவதற்கு இடுப்பு உதவாதவர் கண்டறிந்த குறுக்குவழி அது.

ஆட்ட நாற்காலி வீட்டில் பயன்படும் நாற்காலி போன்றதன்று. அதன் சக்கரங்கள் மேலே நெருங்கியும் கீழே அகன்றும் சாய்ந்திருக்கும்; விரைந்து திரும்பும்போது கவிழாதிருத்தற்பொருட்டு அவ்வாறு அமைப்பர். பின்புறம் ஒரு சிறு சக்கரம் தாங்கும். அதன் விலை மிகுதி. எங்கள் குழுவில் ஆடுவோர் பதின்மூவர். ஆட்ட நாற்காலிகளோ ஏழு. ஒருவர் இறங்க மற்றொருவர் ஏறுவார். பின்னர் வந்த இடர்ப்பாட்டுக்கு இவ்வெண்களும் ஒரு காரணம்.

இந்தியாவில் இவ்வாட்டம் பரவுவதற்குச் சென்னையே நடுவிடமாக விளங்கியது. இளம்பிள்ளை வாதத்தால் சிறு குழந்தையாய் இருந்தபோதே கால்களின் இயக்கத்தை இழந்த மாதவி லதா என்னும் அம்மையார், நீச்சலில் தேர்ந்து, 2014ஆம் ஆண்டில் இந்தியச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக் கூட்டமைப்பைத் தோற்றுவித்தார். எங்கள் குழுவிலும் எண்மர் அந்நோயால் தாக்குண்டவர்களே. இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி இளம்பிள்ளை வாதம் அற்றது என உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்ததும் அதே 2014ஆம் ஆண்டில்தான். ஏனைய ஐவர் மரத்திலிருந்தோ, சாரத்திலிருந்தோ, வண்டியிலிருந்தோ விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவர்கள்.

இவர்களுக்கு ஆட்டம் எதற்கு, உயிர் பிழைத்ததே போதாதா எனக் கேட்பவர் உண்டு. அவர்க்கு விடையாக லுட்விக் குட்மன் என்னும் மருத்துவருடைய வரலாற்றைச் சொல்வேன். அவர் யூதர், செருமனியில் இட்லரின் கொடுமைக்குத் தப்பி 1939ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் புகலடைந்தார். 1944ஆம் ஆண்டில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு முறிந்த போர்வீரர்களைப் பேணும் பொறுப்பு அவரிடம் வந்தது. அதுவரையில் அத்தகையோர் நெடுநாள் வாழ்வது அரிதாயிருந்தது. அவர்களைக் கொன்றவை முறிந்த எலும்புகள் அல்ல. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே. குட்மன் அவர்களை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்கச் செய்தார். பின்னர் எழுந்து அமரச் செய்தார். அதன் பின்னர் அவர்கள் கையில் பந்தையும் வில்லையும் கொடுத்தார். 1948ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக்கு விழா தொடங்கிய அதே நாளில், மருத்துவமனைப் புல்வெளியில் பதினாறு பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில் எய்தனர். 1960ஆம் ஆண்டில் உரோமாபுரியில் அது 23 நாடுகளைச் சேர்ந்த 400 பேர் கூடிய விழாவாக வளர்ந்தது. பாராலிம்பிக்கு விளையாட்டுகளின் தோற்றம் இதுவே. அவ்விழாவின் வேர் மருத்துவமனையில் இருக்கின்றது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆட்டம் அவர்களுக்குப் பொழுதுபோக்காக வந்ததன்று; மருந்தாக வந்தது.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள் இரவு, நாடெங்கும் ஊரடங்கு என்னும் அறிவிப்பு வந்தது. அவ்வாண்டு டோக்கியோ நகரில் நடைபெற இருந்த ஒலிம்பிக்கு, பாராலிம்பிக்கு விழாக்கள் தள்ளி வைக்கப்பட்டதும் அதே நாளில்தான். 'ஊர் அடங்கும் வேளை' என்று இரவைக் குறித்து என் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கின்றேன். பட்டப்பகலில் ஊர் அடங்கியிருந்ததை அப்பொழுதுதான் கண்டேன். திடலின் வாயிலில் சங்கிலி ஏறியது.

கதவடைத்தது தவறு என்று நான் சொல்லேன். கழுத்தை ஒட்டித் தண்டுவடம் அடிபட்டோர்க்கு விலாத்தசைகள் வலுவிழந்திருக்கும். வலிந்து இருமிச் சளியை வெளியேற்றுதல் அவர்களுக்கு அரிது. நுரையீரலைத் தாக்கும் நோய் வந்தால் அவர்கள் தாங்கார். எங்கள் குழுவில் அத்தகையோர் இருவர் இருந்தனர். இன்னொரு செய்தியும் உண்டு. நடப்பவனுடைய செருப்பு தெருவைத் தொடும். அவன் கை தெருவைத் தொடாது. சக்கரத்தை உருட்டிச் செல்வோர்க்கோ கையே செருப்பு. தெருவில் உருண்ட சக்கரத்தை அக்கை பற்றும். பின்னர் அதே கைதான் முகத்துக்குச் செல்லும். கையைத் தூய்மையாக வைத்திருங்கள் என்னும் அறிவுரை அவர்களுக்கு எத்துணைக் கடியது என்று பாருங்கள்.

அதனினும் கடியது, ஆறடி விலகி நிற்க வேண்டும் என்னும் விதி. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து வண்டிக்கும் ஒருவரைத் தூக்கி வைப்பவர் ஆறடிக்கு அப்பால் நிற்பது எங்ஙனம்? பிறர் கை தன்மேல் படாமல் நாளைக் கழிக்க வல்ல உடம்பை எண்ணியே அவ்விதி எழுதப்பட்டது. ஆட்டோ ஓட்டுநர் இருவரும் அஞ்சினர். அவர்கள் வீட்டிலும் முதியோர் இருந்தனர். அவர்களை நான் குறை கூறேன்.

மூன்றாம் நாள் பயிற்சியாளர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, களம் மூடிவிட்டது. பதிவேடு மூட வேண்டா. நாள்தோறும் வருகை எடுக்க வேண்டும்" என்றார். எவ்வாறு என்று கேட்டேன். மாலை ஆறு மணிக்குப் பதினொருவர் கைப்பேசித் திரையில் முகம் காட்டிப் பயிற்சி செய்வர் என்றும், படம் காட்டாத பொத்தான் கைப்பேசி வைத்திருக்கும் இருவரை நான் தனித்தனியே அழைத்து விசாரிக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். பதிவேட்டில் புதிய கட்டங்கள் வரையப்பட்டன. இருக்கையிலிருந்து கைகளை ஊன்றி உடம்பை எத்தனை முறை தூக்கினார்? எத்தனை குவளை நீர் பருகினார்? கண்ணாடி வைத்துத் தோலைப் பார்த்தாரா? இவையே அக்கட்டங்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி அற்றவர்க்குப் புண் உண்டானாலும் வலி தெரியாது. ஆதலின் நாள்தோறும் கண்ணாடியில் பார்த்தல் வேண்டும். கையூன்றி எழுதல் இருக்கையின் அழுத்தத்தைத் தணிப்பது. இவை ஆட்டப் பயிற்சி அல்லவே என்று ஒருவர் முணுமுணுத்தார். "மறுபடி களத்துக்கு வருவதற்கு உடம்பு வேண்டாமா?" என்றார் பயிற்சியாளர்.

ஏழு ஆட்ட நாற்காலிகளையும் ஒரு சரக்கு வண்டியில் ஏற்றி ஏழு வீடுகளுக்கு அனுப்பினோம். மூன்று வீடுகளில் அவை வாசலுக்குள் நுழையவில்லை. முன்னரே சொன்னேன் அன்றோ, சக்கரங்கள் கீழே அகன்றிருக்கும் என்று. களத்தில் காக்கும் அந்த அகலமே வீட்டு வாசலில் தடையாயிற்று. அவை மாடிப்படியின் அடியில் சாக்கு போர்த்தி நின்றன. பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கீறிச் சன்னற் கம்பியில் கட்டி இழுத்தனர். நீர் நிரப்பிய குப்பிகள் பளுவாயின. மொட்டை மாடியில் பயிலலாமே என்று அயலார் ஒருவர் எனக்கு அறிவுரை கூறினார். மாடிக்குப் படியேறிச் செல்ல வேண்டும் என்பதை அவர் எண்ணவில்லை. முதுகுத்தண்டின் மேற்பகுதி முறிந்தவர்க்கு உடம்பின் கீழ்ப்பகுதி வியர்க்காது என்பதையும், சித்திரை வெயில் அவர்களைச் சூளைபோல் வேகச் செய்யும் என்பதையும் அவர் அறியார்.

குழுவில் இருவர் மின்தொடர் வண்டிகளில் பேனாவும் சீப்பும் விற்றுப் பிழைப்பவர். வண்டிகள் நின்றதும் அவர்கள் பிழைப்பும் நின்றது. பசித்திருப்பவனிடம், இன்று கையூன்றி எத்தனை முறை எழுந்தாய் என்று கேட்பது எவ்வாறு? அதன் பின்னர் என் முதற்கேள்வி அரிசியைப் பற்றியதாயிற்று. அரிசி இல்லை எனின், அன்றைய கட்டத்தில் வேறொன்றும் எழுதாமல், உரியவர்க்குச் சொல்லி அதனை அனுப்பச் செய்வோம். சூலை, ஆகத்துத் திங்கள்களில் ஞாயிறுதோறும் தளர்வற்ற முழு ஊரடங்கு இருந்தது. வேறெந்த நாளையும் விட, நாங்கள் ஆடும் ஞாயிறே முற்றும் அடங்கிப் போனது.

குழுவில் இளையவன் ஒருவன். வயது இருபத்து நான்கு. கொத்தனாருக்குச் சிற்றாளாக வேலை செய்தபோது சாரத்திலிருந்து விழுந்தவன். பொத்தான் கைப்பேசி வைத்திருந்த இருவருள் அவன் ஒருவன். நாள்தோறும் அழைத்தேன். "எல்லாம் செய்துவிட்டேன் ஐயா" என்பான். எண்ணைக் கேட்டால் தயங்காமல் சொல்வான். சூலைத் திங்களில் ஒரு மாலை அவன் தாயார் கைப்பேசியை வாங்கி, "ஐயா, இவன் இரண்டு வாரமாகக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை எடுத்ததே இல்லை. இன்று துணியில் கறை பார்த்தேன்" என்றார். இடுப்பெலும்பின் அருகே புண் ஆழமாகி இருந்தது. நாற்காலியின் மெத்தை கிழிந்திருந்தது. கடைகள் அடைத்திருந்தமையால் மாற்று வாங்கவில்லை. ஆட்டம் இல்லாத உடம்பை எதற்குப் பேணுவது என்று அவன் சோர்ந்து போயிருந்தான். ஒரு செவிலியர் அயல்வீட்டுக் கைப்பேசித் திரையின் வழியே புண்ணைப் பார்த்து, கழுவிக் கட்டும் முறையைத் தாயாருக்குக் கற்பித்தார். அது ஆறுவதற்கு நான்கு திங்கள் ஆயின. கொரோனா அவனைத் தீண்டவே இல்லை. அவனை வீழ்த்தப் பார்த்தது வெறுமை.

இதே காலத்தில் ஒரு செய்தி என் கண்ணில் பட்டது. அமெரிக்க ஓப்பன் டென்னிசுப் போட்டியைப் பார்வையாளர் இன்றி நடத்துவது என்றும், சக்கர நாற்காலிப் போட்டிகளை மட்டும் அவ்வாண்டு விட்டுவிடுவது என்றும் 2020ஆம் ஆண்டு சூன் திங்களில் அறிவித்தனர். ஆத்திரேலிய வீரர் டிலன் ஆல்காட்டு இதனை எதிர்த்துக் குரல் எழுப்பினார். 2008ஆம் ஆண்டுப் பெய்சிங் பாராலிம்பிக்கில் சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர் அவர். பின்னர் டென்னிசுக்கு மாறியவர். எங்களை ஒரு சொல்லும் கேளாமல் முடிவு செய்தது ஏன் என்று அவர் வினவினார். இயலாமை உடையவன் ஆதலால் நான் நோயாளி ஆகிவிடேன் என்றும், போவதா வேண்டாவா என்பதை முடிவு செய்பவன் நானாக இருத்தல் வேண்டும் என்றும் வாதிட்டார். ஏறத்தாழ ஒரு வாரத்தில் அமைப்பாளர்கள் தம் முடிவை மாற்றிக் கொண்டனர். செப்டம்பரில் போட்டிகள் நடந்தன. சப்பானியர் சிங்கோ குனியேதா ஆடவர் ஒற்றையர் ஆட்டத்தில் வென்றார். வாதாடி வாய்ப்பைப் பெற்ற ஆல்காட்டு, தம் பிரிவின் இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தின் சாம் ஸ்குரோடரிடம் தோற்றார். அத்தோல்வியும் களத்திற்கு வந்தமையால் கிடைத்ததே.

இச்செய்தியை மாலைப் பயிற்சியின்போது படித்துக் காட்டினேன். இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்ட மூத்தவர் ஒருவர், "ஐயா, ஒரு தொற்றுநோயால் காலை இழந்தவன் நான். தொற்றுக்கு அஞ்சுவது எப்படி என்று எனக்குப் பிறர் சொல்லித் தர வேண்டுமா?" என்றார்.

செப்டம்பர்த் திங்கள் முதல் நாள், விளையாட்டுத் திடல்களைப் பயிற்சிக்குத் திறக்கலாம் என்றும் பார்வையாளர் கூடாது என்றும் தமிழ்நாட்டரசு இசைவளித்தது. எங்கள் திடலிலும் சங்கிலி கழன்றது. இளைஞர்கள் ஓடினர், முதியோர் நடந்தனர். பயிற்சியாளரும் நானும் அலுவலகத்திற்குச் சென்றபோது, பொறுப்பாளர் நின்றபடியே, "உங்களுக்கு நோய் எளிதில் பற்றும். வீட்டில் இருங்கள், உங்கள் நன்மைக்காகவே சொல்கின்றேன்" என்றார். அவர் குரலில் கடுமை இல்லை, இரக்கமே இருந்தது. கடுமையை எதிர்த்து எழுதுவது எளிது. இரக்கத்தை எதிர்த்து விண்ணப்பம் எழுதுவதற்கு நான் மூன்று நாள் எடுத்துக் கொண்டேன். அலுவலகத்தின் பெயர் ஈண்டு வேண்டா.

அவ்விண்ணப்பத்தில் அரசாணையைச் சுட்டினேன். அமெரிக்கப் போட்டி அம்மாதமே நடந்து முடிந்ததைச் சுட்டினேன். படுக்கைப் புண்ணைப் பற்றியும் எழுதினேன். பயிற்சியாளர் அதனைப் படித்துப் பார்த்து ஒரு பத்தியைச் சேர்க்கச் சொன்னார். ஒவ்வொருவரும் மருத்துவரைக் கலந்து தத்தம் நிலையை அறிந்து கொண்டனர் என்பதும், கழுத்தில் அடிபட்ட இருவரும் தாமே முடிவு செய்து வீட்டில் இருக்கின்றனர் என்பதும் அப்பத்தி. விண்ணப்பத்திற்கு உயிர் அதுதான். பதின்மூவரையும் ஒரே கட்டாகக் கட்டி, அபாயத்திற்குரியோர் என்று ஒதுக்குவது ஒன்று. ஒவ்வொருவரும் தம்மைத் தாமே எடைபோட்டு முடிவு செய்வது மற்றொன்று. மூன்று வாரத்தில் இசைவு வந்தது. காலை ஆறு முதல் எட்டு வரை; ஒரு வேளையில் ஐவர்க்கு மிகாமல்; ஒருவர் தொட்டதை மற்றவர் தொடலாகாது.

ஏழு நாற்காலிகளும் மீண்டும் களத்துக்கு வந்தன. அவற்றின் முதுகில் பெயர்களை எழுதினோம். முதற்குழு ஆடி முடித்த பின்னர் இருக்கையையும் வாரையும் சக்கரத்தின் கைவளையத்தையும் சோப்பு நீரால் துடைத்துக் காயவிட்ட பிறகே அடுத்தவர் ஏறினார். ஆளுக்கொரு பந்து. பந்தைப் பிறர்க்கு எறிதல் கூடாது. எறியாத கூடைப்பந்து எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். மறுமொழி இல்லாத உரையாடல் போன்றது. ஆகவே அவர்கள் கோட்டிலிருந்து கோட்டுக்கு உருட்டி ஓடினர்; சட்டென நின்றனர்; திரும்பினர்; கூடையில் எறிந்தனர். ஆறு திங்கள் தளர்ந்த கைகளால் எறிந்த பந்து வளையத்தைக்கூட எட்டவில்லை. பத்தடி உயரம் பத்தடியாகவே இருந்தது.

தூக்கி விடும் வேலைக்கு வீட்டிலுள்ளவர் ஒருவரே உடன் வர வேண்டும் என்று வகுத்தோம். அதனால் நாங்கள் எதிர்பாராத ஒன்று விளைந்தது. அதுவரை களத்தின் பக்கமே வாராத தாய்மாரும் மனைவியரும் தம்பியரும் வந்தனர். பலர்க்கு அதுவே முதற்காட்சி. விலகி நாற்காலி இட்டு அமர்ந்திருந்த ஓர் அம்மையார், தம் மகன் விரைந்து வந்து, சக்கரத்தோடு பந்தை அழுத்தி மடியில் ஏற்றியதைக் கண்டு, என் பக்கம் திரும்பி, "வீட்டில் ஒரு குவளை தண்ணீரும் நான்தானே எடுத்துக் கொடுக்கின்றேன்!" என்றார். மறு வாரம் அவன் தானே தண்ணீர் எடுத்துக் கொண்டதாகவும், அம்மையார் எடுத்துத் தர மறுத்ததாகவும் கேள்விப்பட்டேன்.

2021ஆம் ஆண்டில் இரண்டாம் அலை வந்தது. சங்கிலி மீண்டும் ஏறியது. அவ்வலை கொடியது. எங்கள் குழுவில் எவரும் இறந்திலர். ஆயின் ஆட்டோ ஓட்டுநர் இருவருள் மூத்தவர் மறைந்தார். அவர் கைகள் எத்தனை முறை அந்த வாயிற்படியைக் கடத்தியிருக்கும் என்று ஒருவர் கேட்டார். பதிவேட்டைப் புரட்டி எண்ணிப் பார்க்க முயன்றேன். எண்ணி முடிக்க இயலவில்லை.

அவ்வாண்டு ஆகத்து 24 முதல் செப்டம்பர் 5 வரை டோக்கியோவில் பாராலிம்பிக்கு விழா நடைபெற்றது. அரங்குகளில் பொதுமக்கள் இல்லை. ஆகத்து 29ஆம் நாள், குசராத்தைச் சேர்ந்த பவினா பட்டேல் சக்கர நாற்காலியில் அமர்ந்து மேசைப்பந்தில் வெள்ளி வென்றார். எதிரே நின்று ஆட ஆள் இல்லாதபோதும் பந்தை எறிந்து கொண்டே இருக்கும் பொறி ஒன்றினை அவர் பயிற்சிக்கென அரசு வழங்கியிருந்தது. எங்கள் பயிற்சியாளர் அப்பொறியின் படத்தை நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்தார். கூடைப்பந்து இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா 64, சப்பான் 60. திரையில் அதனைக் கண்ட எங்கள் ஆட்டக்காரர்கள் இருக்கைகள் வெறிதாய் இருந்ததைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "பந்தை எறிகின்றார்கள் ஐயா, ஒருவர்க்கொருவர் எறிகின்றார்கள்" என்று சாரத்திலிருந்து விழுந்த இளைஞன் சொன்னான்.

எங்களுக்கு அவ்விசைவு 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிடைத்தது. கழுத்தில் அடிபட்ட இருவரும் தடுப்பூசி இட்டுக் கொண்டு அன்று வந்தனர். பயிற்சியாளர் ஒரே ஒரு பந்தைக் களத்தின் நடுவே உருட்டிவிட்டார். அந்த இளைஞன் புதிய மெத்தை இட்ட நாற்காலியில் விரைந்து சென்று அதனை எடுத்தான், இருமுறை உந்தினான், ஒருமுறை தட்டினான், பின்னர், எதிரே கை நீட்டியிருந்தவர்க்கு எறிந்தான். அவர் பிடிக்கத் தவறிவிட்டார். அனைவரும் சிரித்தனர்.

பொத்தான் கைப்பேசி வைத்திருப்போர் இப்பொழுது எவரும் இல்லை. மாலை ஆறு மணி அழைப்பு மட்டும் நிற்கவில்லை. வாரம் இருமுறையாகச் சுருங்கியிருக்கின்றது. கண்ணாடியைப் பற்றிய கேள்வியை இன்று அந்த இளைஞனே எல்லோரிடமும் கேட்கின்றான். எண்ணைச் சொன்னால் நம்புவதில்லை, அருகில் இருப்பவரிடம் கைப்பேசியைக் கொடுக்கச் சொல்கின்றான். திடலின் வாயிற்படி மட்டும் அப்படியே இருக்கின்றது. அதனை இடித்துச் சரிவுப்பாதை அமைக்க வேண்டும் என்னும் விண்ணப்பத்தை நான்காம் முறையாக எழுதிக் கொண்டிருக்கின்றேன்.